நிரலைத் திருத்தும் நிரல்கள்

எழுதிய நிரலை அப்படியே வைத்திருக்க எந்த நிரலாளருக்கும் கொடுத்துவைப்பதில்லை. சட்டம் மாறும், கருவி மாறும். பல லட்சம் வரிகளைத் திருத்தியாக வேண்டும். அந்த வேலையை இன்னொரு நிரலிடம் நம்பி ஒப்படைக்க முடியுமா என்பது, மொழியை வடிவமைத்தவர் கையில்தான் பெரிதும் இருக்கிறது.

சி மொழியின் மேக்ரோவை, அதாவது ஒரு பெயருக்குப் பதிலாக நிரல் துண்டை இட்டுத் தரும் வசதியைப் பாருங்கள். சதுரம்(அ) என்றால் அ * அ என்று எழுதி வைக்கிறோம். பிறகு சதுரம்(2 + 3) கேட்டால் 25 வர வேண்டும், வருவதோ 11. காரணம், மேக்ரோ வெறும் எழுத்துகளைத்தான் இடம் மாற்றுகிறது. 2 + 3 * 2 + 3 என்று ஆகிவிட, பெருக்கல் முந்திக்கொள்கிறது. அடைப்புக்குறி போட்டுத் தப்பிக்கலாம். ஆனால் அதை நிரலாளர்தான் நினைவில் வைத்துப் போட வேண்டும்.

ஜான் மெக்கார்த்தி 1958-ல் எம்.ஐ.டி.யில் தொடங்கிய லிஸ்ப் மொழியில் இந்தச் சிக்கலுக்கே இடமில்லை. அங்கே கணக்கு (+ 2 (* 3 4)) என்று இருக்கும். முதலில் செய்கை, அடுத்து அதற்கு உரியவை; எது எதற்குள் அடங்கும் என்பதை அடைப்புக்குறியே சொல்லிவிடும். இதைவிட முக்கியம், இது ஒரு பட்டியல் என்பது. லிஸ்ப் கையாளும் தரவும் பட்டியல்தான். ஆகவே ஒரு லிஸ்ப் நிரல் இன்னொரு நிரலை வாங்கி, பிரித்து, வேறு விதமாகக் கோத்துத் தர முடியும். 1963-ல் டிமோதி ஹார்ட் இதில் மேக்ரோவைச் சேர்த்தார். அது எழுத்தைத் தொடுவதில்லை, அமைப்பைத் தொடுகிறது. அத்தனை அடைப்புக்குறிகள் கண்ணை உறுத்தும் என்பது உண்மை. கிடைக்கும் பலனுக்கு அது சிறிய விலை என்பேன்.

அமைப்பு மட்டும் தெளிவாக இருந்தால் போதாது. வரி(விலை) + வரி(விலை) என்பதை 2 * வரி(விலை) என்று சுருக்கலாமா? அழைக்கும்போதெல்லாம் 'வரி' என்ற செயற்கூறு ரகசியமாக ஒரு ரசீது எண்ணில் ஒன்றைக் கூட்டினால் சுருக்கவே கூடாது, கணக்கு தவறிவிடும். 1990-ல் வெளிவந்த ஹாஸ்கெல் இத்தகைய பக்கவிளைவுகளை செயற்கூறின் வகைக்குறிப்பிலேயே அறிவிக்கச் சொல்கிறது. அறிவிப்பு இல்லாத இடத்தில் கம்பைலர் தயங்காமல் சுருக்கலாம்.

திருத்தும் கருவியை மொழியோடு சேர்த்தே தருவதும் உண்டு. கூகுளின் கோ மொழி 2009-ல் வெளியானது. நிரலைப் படித்து ஒரே சீராக அடுக்கித் தரும் கருவியும் அதனோடு வருகிறது. நூலகங்கள் மாறியபோது பழைய நிரல்களைத் தானே திருத்தும் கருவியை 2011-ல் அதன் குழு தந்தது. புது மொழி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது வேகத்தை மட்டும் விசாரிக்காதீர்கள். இப்படிப்பட்ட கருவி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.