தறிக்கு முந்திய வேலை

"பையன் என்ன படிக்கிறான்?" என்று கேட்டால், "இன்ஜினீயரிங்" என்று தலை நிமிர்ந்து சொல்கிறார் தந்தை. "பெண் என்ன படிக்கிறாள்?" என்றால், "துணி வடிவமைப்பு" என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறார். கேட்டவர் சும்மா விடுகிறாரா? "தையல் படிப்பா? அதற்கு எதற்கு நாலு வருஷம்?" என்று சிரிக்கிறார்.

சிரிக்கட்டும்! சிரிக்கிறவர் உடுத்தியிருக்கும் சட்டையைச் சற்றே பார்ப்போம். அதன் கட்டம் எத்தனை அங்குலம் என்று முடிவு செய்தவர் யார்? நீலத்துக்குப் பக்கத்தில் எந்தச் சிவப்பு நிற்கும் என்று கண்டவர் யார்? நாலு முறை துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்று அளந்தவர் யார்? தறி தானாக எண்ணுவதில்லை. நூல் தறியேறும் முன்னே ஒருவர் எண்ணியாக வேண்டும். எண்ணியதைத் தாளில் இட்டாக வேண்டும். அந்த வேலையைக் கற்பிப்பதுதான் இந்தப் படிப்பு.

எங்கே கற்கலாம்? 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் தோன்றியது. 1986-இல் டெல்லியில் தொடங்கிய தேசிய ஆடையலங்காரத் தொழில்நுட்பக் கழகம், 1995-இல் சென்னைக்கும் வந்தது. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தானே பட்டம் வழங்கும் உரிமையும் பெற்றது. இவற்றுக்கெல்லாம் முன்னதாக, 1960-லேயே, சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் தொடங்கப்பட்டது. திருப்பூரில் ஏற்றுமதியாளர்களே முன்னின்று கண்ட பின்னலாடைக் கல்லூரியும் உண்டு.

படித்து முடித்தபின் என்ன வேலை? மேடையில் அழகிகள் நடக்க, விளக்குகள் மின்ன, கடைசியில் வந்து கைகூப்பும் வேலை ஒன்றுதான் பலர் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த மேடையில் இடம் ஒரு சிலருக்கே. மேடைக்கு வெளியே இருக்கிறது பெரிய உலகம்!

இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அனுப்புகிற ஊர் திருப்பூர். அங்கே மெர்ச்சண்டைசர் என்றொருவர் இருப்பார். வெளிநாட்டு வாணிகர் கேட்பதைப் புரிந்து, மாதிரி தைப்பித்து, விலை கணக்கிட்டு, நூல் வாங்குவது முதல் கப்பலேற்றும் நாள் வரை பொறுப்பேற்பவர் அவரே. பேட்டர்ன் மாஸ்டர், ஓர் அளவுக்கு வரைந்த தாளைச் சிறிதும் பெரிதுமான பல அளவுகளுக்கு விரிப்பவர். ஒரு பனியனில் அரை அங்குலத் துணியை மிச்சப்படுத்தினால், லட்சம் பனியனில் என்ன மிச்சம் என்று கணக்குப் போடுங்கள்! கணினியில் அச்சுப்பூ வரைவோர், தரம் பார்ப்போர், துணி ஆய்வுக்கூடத்தில் சாயத்தைச் சோதிப்போர் என்று வரிசை நீள்கிறது. நொய்யலைக் கெடுத்த சாயக்கழிவின் பொருட்டு, 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, சாயமும் நீரும் அறிந்தவர்க்கு மதிப்பு கூடியிருக்கிறது. கரூருக்குப் போனால் திரைச்சீலை, மேசைவிரிப்பு, படுக்கைவிரிப்பு. இவற்றுக்கும் வடிவம் வேண்டும்.

காஞ்சிபுரத்துக்கு வாருங்கள். பட்டுச் சேலையின் கரையில் ஓர் அன்னம் நீந்த வேண்டுமானால், முதலில் அது கட்டம் போட்ட தாளில் நீந்த வேண்டும். ஒவ்வொரு கட்டமும் பாவும் ஊடையும் சந்திக்கும் ஓர் இடம். அந்தத் தாளைப் பார்த்துத்தான் ஜக்கார்டு அட்டையில் துளையிடுகிறார்கள். ஒரு கட்டம் பிசகினால் அன்னத்தின் கழுத்தே கோணும்! பெரும் ஓவியரான கே. ஜி. சுப்பிரமணியனே 1959 முதல் 1961 வரை அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பணி பார்த்தவர். அவர் செய்த வேலையைச் செய்யவா நம் பிள்ளை வெட்கப்பட வேண்டும்?

உள்ளதை மறைக்காமல் சொல்வோம். பட்டம் பெற்ற மறுநாள் யாரும் தலைமை வடிவமைப்பாளர் ஆவதில்லை. முதல் சில ஆண்டுகள் மாதிரி மேசையருகே நிற்க வேண்டும். தையற்காரரிடமும் சாயக்காரரிடமும் மீண்டும் பாடம் கேட்க வேண்டும். துணியைத் தொட்டுப் பார்த்தே அதன் தன்மை சொல்லக் கற்றவர் நிலைப்பார். படம் மட்டும் போடத் தெரிந்தவர் திண்டாடுவார். தனியே தொழில் தொடங்குவோர் இன்னொன்றும் அறிய வேண்டும். புதிய வடிவத்தை வெளியிடுமுன் 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்தால், பத்தாண்டுப் பாதுகாப்பு உண்டு. மேலும் ஐந்தாண்டு நீட்டிக்கலாம். பதியாமல் கடைக்கு அனுப்பிவிட்டு, "திருடிவிட்டார்களே!" என்று அழுது பயனென்ன?

இனி, நம் நெஞ்சை உறுத்தும் செய்திக்கு வருவோம். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் 35 லட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர் உண்டென்கிறது. அந்த நெசவுக் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கினர் மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாக ஈட்டியதாகவும் அதே கணக்கு காட்டுகிறது. நெய்தவருக்கு நெய்த கூலி. வடிவம் கொடுத்தவருக்கும் பெயர் பொறித்தவருக்கும் பெருவிலை! திருப்பூரிலும் அதே கதைதான். வடிவம் பெரும்பாலும் கடல் கடந்து வருகிறது. நாம் வெட்டித் தைத்து அனுப்புகிறோம். மற்றவர் பெயர் தாங்கி அது விற்பனையாகிறது. வடிவம் நம் கையில் இருந்தால் விலை சொல்லும் வாயும் நமக்கு வரும்.

அந்தக் கையை எங்கே தேடுவது? நெசவாளி வீட்டில் தேடுங்கள்! ஐந்து வயதில் தார் சுற்றி, பத்து வயதில் பாவு பிடித்து வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கலையில் பாதி முன்பே தெரியும். ஆனால் பெரிய கழகங்களில் நான்காண்டுப் படிப்புக்குக் கட்டணம் லட்சக்கணக்கில்! தறியை அறிந்தவன் வாயிலில் நிற்கிறான். தறியைக் கண்டிராதவன் உள்ளே இருந்து தறிக்குப் படம் வரைகிறான். இது முறையா?

அரசினரைக் கேட்கிறோம்: நெசவாளர், தையற்காரர் வீட்டுப் பிள்ளைகளின் முழுக் கட்டணத்தையும் ஏற்கலாகாதா? ஆலை முதலாளிகளைக் கேட்கிறோம்: பயிற்சிக்கு வரும் இளைஞரை வெறுங்கையோடு அனுப்பாமல், உரிய ஊதியம் தரலாகாதா? பெற்றோரைக் கேட்கிறோம்: உங்கள் மகள் கோடு போட்டால், "என்னடி கிறுக்குகிறாய்?" என்று தாளைப் பிடுங்காதீர்கள். பென்சிலைச் சீவிக் கொடுங்கள்!