சீனமும் ஜப்பானியமும் பயிலப் புகும் தமிழ் மாணவர்

பல்கலைக்கழகத்தில் சீனத்தையோ ஜப்பானியத்தையோ முதன்மைப் பாடமாக எடுக்க விரும்பும் தமிழ் மாணவரிடம் வீட்டார் முதலிற் கேட்பது, "அதைப் படித்து என்ன வேலைக்குப் போவாய்?" என்பதே. தோட்டத்திலிருந்து நகருக்கு வந்து, கல்வியொன்றையே முதலாகக் கொண்டு எழுந்த குடும்பங்கள் அவ்வாறு கேட்பதில் தவறில்லை. ஆயினும் அதற்கு முன்னர்க் கேட்கத்தக்க வினா ஒன்றுண்டு. பேச்சுமொழியை மாலை வகுப்பிலும் கற்கலாம். கடைத்தெருவிற் பழகியும் கற்கலாம். அவ்வாறிருக்க, ஒரு மொழியை அதன் இலக்கியம், வரலாறு, சமயம் ஆகியவற்றோடு சேர்த்து மூன்று நான்கு ஆண்டுகள் பயில்வது எதற்கு? இதற்கு விடை தேட மலாக்காவை விட்டு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை.

1547ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பிரான்சிஸ் சேவியர் மலாக்காவில் அஞ்சிரோ என்னும் ஜப்பானியரைச் சந்தித்தார். ஆற்று முகத்துக்கு மேலுள்ள குன்றிற் கூரையிழந்து நிற்கும் தேவாலயத்தை நாம் எல்லாரும் அறிவோம். பின்னாளில், 1553இல், சேவியரின் உடல் கோவாவுக்குக் கொண்டு செல்லப்படும் முன் சில திங்கள் கிடந்த இடம் அதுவே. அஞ்சிரோவைக் காணும் முன்னரே அவர் தமிழோடு பழகியவர். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, பரதவருள் சிலருடைய துணையால் செபங்களைத் தமிழாக்கி, பொருள் முற்றும் விளங்காமலே மனப்பாடம் செய்து ஒப்பித்தார். கடவுளை நம்புகிறேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'வேணும்' என்னும் சொல் புகுந்திருந்தது. அதை நீக்கி 'விசுவசிக்கிறேன்' என்று சொல்லுமாறு, தம் உடன்பணியாளர் மான்சிலாசுக்கு 1544இல் மடல் எழுதினார்.

ஜப்பானில் நேர்ந்த பிழை வேறு வகைப்பட்டது. 1549ஆம் ஆண்டு சூன் திங்களிற் சேவியரும் அஞ்சிரோவும் மலாக்காவிலிருந்து சீனர் ஒருவருடைய மரக்கலத்திற் புறப்பட்டு, ஆகஸ்ட் 15இல் ககோஷிமாவை அடைந்தனர். கிறித்தவர் கடவுளைக் குறிக்க அஞ்சிரோ தெரிந்தெடுத்த சொல் 'தைநிச்சி'. அது ஷிங்கோன் பௌத்தப் பிரிவினர் போற்றும் மகாவைரோசன புத்தரின் பெயர். தங்கள் புத்தரையே தொலைநாட்டார் வந்து போற்றுவதாக எண்ணிய துறவியர் சேவியரை அன்புடன் வரவேற்றனர். உண்மை வெளிப்பட ஏறத்தாழ ஈராண்டு ஆயிற்று. அதன்பின் 'தேயுஸ்' என்னும் அயற்சொல்லையே வைத்துக்கொண்டனர்.

இவ்விரு பிழைகளையும் வேறுபடுத்திக் காணுதல் வேண்டும். 'வேணும்' என்பது மொழியறியாமையால் வந்தது. நல்ல அகராதியும் நல்ல ஆசானும் அதைத் திருத்திவிடுவர். 'தைநிச்சி' அத்தகையதன்று. அஞ்சிரோவுக்கு ஜப்பானியம் தாய்மொழி. இலக்கணத்தில் அவர் வழுவவில்லை. தம் நாட்டுச் சமய நூல்களை அவர் கற்றிருக்கவில்லை என்பதே குறை. மொழியைப் பண்பாட்டோடு சேர்த்துப் பட்டப்படிப்பாக வைத்திருப்பது இவ்விரண்டாம் வகைப் பிழையைத் தவிர்ப்பதற்கே எனலாம். பேசத் தெரிந்த பிள்ளைக்குப் பட்டம் எதற்கு என்று வினவுவோர்க்கும் இதுவே விடை.

செம்மையான மொழியாக்கத்துக்கும் மலாக்காவோடு தொடர்புடைய சான்று உண்டு. மலாக்காத் துறையில் நங்கூரமிட்ட சீனத் தளபதி செங் ஹோவின் கப்பல்கள் இலங்கைக்கு ஒரு கற்பலகையையும் சுமந்து சென்றன. 1409ஆம் ஆண்டு நாளிட்ட அக்கல் 1911இல் காலி நகரிற் கண்டெடுக்கப்பட்டு, இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழியில் அமைந்தது அது. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது; தமிழ்ப் பகுதி தென்னிலங்கைத் தேவந்துறையிற் கோயில் கொண்ட தெனவரை நாயனாரைப் போற்றுகிறது; பாரசீகப் பகுதி அல்லாவைப் போற்றுகிறது. காணிக்கைப் பட்டியலோ மூன்றிலும் பெரிதும் ஒத்திருக்கிறது. அவ்வம்மொழியாரின் வழிபாட்டையறிந்து எழுதுவித்த ஒருவர் சீனப் பேரரசின் பணியில் இருந்திருக்கிறார். சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால் அக்கல் அவ்வாறு அமைந்திராது.

இனிப் படிப்பின் இயல்பைப் பார்ப்போம். ஜப்பானியத்தைப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக எழுத்தறிமுகத்திலிருந்தே தொடங்குகின்றன. ஆகவே தமிழ்ப்பள்ளியில் தொடங்கிய மாணவர்க்கு அங்குப் பின்தங்கல் இல்லை. ஜப்பானியரின் அசையெழுத்து வரிசை அ, இ, உ, எ, ஒ எனத் தொடங்கி, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ எனச் செல்லும். அந்த ஹகரம் முற்காலத்திற் பகரமாக ஒலித்தது. அவ்வாறு கொண்டால் நம் நெடுங்கணக்கின் நிழலே அங்குத் தெரியும். பௌத்தத்தோடு சென்ற வடமொழி ஒலியியற் கல்வியே அதற்குக் காரணம். தொடரமைப்பும் நமக்கு எளிது: வினை இறுதியில் வரும், 'நான் படித்த நூல்' என்பதை அதே சொல்வரிசையில் 'வதாஷி கா யொன்தா ஹொன்' என்பர். ஆனால் எளிதென்பது தொடரளவில்தான். அன்றாட வழக்குக்கென அரசு வகுத்த சீன எழுத்துகள் மட்டும் 2,136. அவற்றை உழைத்தே கற்க வேண்டும்.

இந்த ஒப்புமையைக் கண்டுதான் பேராசிரியர் சுசுமு ஓனோ தமிழும் ஜப்பானியமும் உறவுடையன என்று 1980களில் வாதிட்டார். நம் மேடைகளில் அது முடிந்த முடிபாகவே பேசப்படுகிறது. மொழியியலார் பலர் அதனை ஏற்கவில்லை என்பதையும் மாணவர்க்குச் சொல்வது ஆசிரியர் கடமை. ஒத்த தொடரமைப்பு கொரிய மொழியிலும் துருக்கிய மொழியிலும் உண்டு. அது மட்டும் உறவுக்குச் சான்றாகாது.

சீனத்தின் நிலை வேறு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956இலும் சீன ஆய்வியல் துறை 1963இலும் தோன்றின. நம் நாட்டுச் சீனத்துறைகள் பள்ளியிலேயே சீனம் பயின்று வந்தோரை எண்ணி அமைந்தவை. எனவே தமிழ்ப்பள்ளி மாணவர்க்கு அக்கதவு எளிதில் திறவாது. சீனப்பள்ளியிற் பயிலும் நம் பிள்ளைகளுக்குத் திறக்கும். ஆனால் அவர்களுட் பலர்க்குத் தமிழ் எழுத்து வாராது. இரண்டையும் படிக்கவல்லார் அரியர் என்பதே இங்குள்ள இழப்பு.

இது வெற்றுக் கவலையன்று. சீனத்தின் குவான்சௌ நகரில், 1281இல் சம்பந்தப் பெருமாள் என்பார் மங்கோலியப் பேரரசரின் ஆணை பெற்றுச் சிவன் கோயில் எடுத்ததைக் கூறும் தமிழ்க் கல்வெட்டு உள்ளது. அதன் இறுதியிற் சீன எழுத்துகளும் பொறிக்கப்பட்டுள்ளன. மலாக்காவில் வழங்கிய மலாய்ச் சொற்கள் 482ஐச் சீன அரசின் மொழிபெயர்ப்பாளர் தொகுத்த பட்டியலும் கிடைத்துள்ளது. தமிழ்க் கல்வெட்டுகளை நேரே படித்துச் சோழர்கால நிலவுடைமையை ஆய்ந்த நொபொரு கராஷிமா ஜப்பானியர். அவர் சுப்பராயலுவுடன் இணைந்து கீழைக்கடல் நாடுகளிலும் சீனத்திலும் கிடைத்த நம் கல்வெட்டுகளைத் தொகுத்தார். அவர் தமிழ் கற்றதுபோலச் சீன மூலங்களை நேரே படிக்கக் கற்ற தமிழர் எத்தனை பேர்?

ஜாசினிலோ அலோர் காஜாவிலோ பணியாற்றும் ஆசிரியர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. சீனப்பள்ளிக்குச் சென்ற பிள்ளை இடைநிலைப்பள்ளிக்கு வரும்போது, தமிழ்மொழி வகுப்பில் அதற்கோர் இடம் வைத்து, எஸ்.பி.எம். தேர்வில் சீனத்தோடு தமிழையும் எழுதச் செய்யலாம். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த மாணவர்க்கு ஜப்பானியமே நேரான வழி. அவர் தமிழ் இலக்கியப் பாடத்தைக் கைவிடாதிருப்பது பின்னர் மொழிபெயர்ப்பில் உதவும். நுழைவுத் தகுதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கு முன் அவ்வத்துறையிலேயே கேட்டறிதல் நன்று.