நிலத்தடி நீர் யாருக்குச் சொந்தம்? பிளாச்சிமடா மயிலம்மா எழுப்பிய கேள்வி

பாலக்காடு: கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டத்தின் கிழக்கு எல்லையில் வடகரப்பதி, பெருமாட்டி உள்ளிட்ட ஊராட்சிகள் அமைந்துள்ளன. தமிழ் பேசும் மக்கள் பெருமளவில் வாழும் இந்த மழை மறைவுப் பகுதி, நிலத்தடி நீரைப் பெரிதும் நம்பியுள்ளது. அந்த நீர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை நாடறியச் செய்தவர், எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா.

போராட்டம் தொடங்கியது ஏன்?

பெருமாட்டி ஊராட்சிக்கு உட்பட்ட பிளாச்சிமடாவில் 2000ஆம் ஆண்டு கோகோ கோலா குளிர்பான ஆலை இயங்கத் தொடங்கியது. சில மாதங்களிலேயே கிணற்று நீரின் சுவை மாறியதாகவும், அந்நீரில் சமைத்த சோறு விரைவில் கெட்டுப்போவதாகவும் அப்பகுதிப் பெண்கள் புகார் கூறினர். தண்ணீருக்காக அவர்கள் நெடுந்தொலைவு நடக்க வேண்டியிருந்தது.

2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாயிலின் எதிரே பந்தல் அமைத்து மக்கள் போராட்டத்தைத் தொடங்கினர். பழங்குடித் தலைவர் சி.கே. ஜானு அதனைத் தொடங்கி வைத்தார். பள்ளிக் கல்வி பெறாத மயிலம்மா, அப்போராட்டத்தின் முகமாக விளங்கினார்.

நீதிமன்றம் கூறியது என்ன?

ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க 2003ஆம் ஆண்டு ஊராட்சி மறுத்ததால் வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து, அரசு அதன் காப்பாளர் மட்டுமே என்று அதே ஆண்டு டிசம்பரில் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2005இல் இரு நீதிபதிகள் அமர்வு இதற்கு மாறாக, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை நீர் எடுக்க அனுமதித்தது. எனினும், 2004 மார்ச்சில் மூடப்பட்ட ஆலை மீண்டும் இயங்கவில்லை. அதனைத் திறக்கும் எண்ணம் இல்லை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தில் நிறுவனம் தெரிவித்தது.

இழப்பீடு என்னவாயிற்று?

மாநில அரசு அமைத்த உயர்நிலைக் குழு, சேதத்தின் மதிப்பை ரூ.216.26 கோடி என 2010இல் கணக்கிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைப்பதற்கான மசோதாவை 2011இல் கேரள சட்டப்பேரவை நிறைவேற்றியது. ஆனால், அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

ஆலை மூடப்பட்டதைக் கண்ட மயிலம்மா, இழப்பீடு குறித்த இம்முயற்சிகளைக் காணாமலேயே 2007 ஜனவரியில் காலமானார். நிலத்தடி நீர் உரிமை குறித்த விவாதங்களில் பிளாச்சிமடாவின் பெயர் இன்றும் ஒலிக்கிறது.