இடம் மாறிய சிறுநீரகம்: பிள்ளையில் பிழையில்லை

ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் விடிந்ததும் தாய் கொழுந்து பறிக்கப் போய்விடுவாள். கைக்குழந்தை பிள்ளைக்காம்பராவில். மாலையில் துணி துவைக்கும்போதுதான் ஐந்து வயது மகளின் உள்ளாடை இன்றும் நனைந்திருப்பது தெரியவரும். அந்தக் குளிரில் ஈரத்துணி காய்வதுமில்லை. ஏச்சும் அடியும் பிள்ளைக்குத்தான்.

போர்க்கால முகாம்களில் பிள்ளைகள் படுக்கையை நனைத்தபோது, "பயம்" என்றோம். பலருக்கு அது உண்மை. ஆனால் எல்லாவற்றுக்கும் பயமே காரணமல்ல, சகோதரிகளே.

கருவில் சிறுநீரகங்கள் முதலில் இடுப்புக் குழியில்தான் உருவாகின்றன. ஆறாம் கிழமை முதல் ஒன்பதாம் கிழமை வரை மெல்ல மேலேறி, விலா எலும்புகளை ஒட்டி முதுகுப்பக்கம் அமர்கின்றன. ஏறத்தாழ ஆயிரம் பேரில் ஒருவருக்கு ஒரு சிறுநீரகம் இடைவழியில் நின்றுவிடுகிறது. பெரும்பாலானோர் அதை அறியாமலே நலமாக வாழ்கின்றனர்.

அரிதாகச் சில பெண் பிள்ளைகளுக்கு, இடம் மாறிய சிறுநீரகம் சரியாக வளராமல் சிறுத்திருக்கும். அதன் குழாய் சிறுநீர்ப்பையில் சேராமல் பெண்ணுறுப்பின் வழியில் திறக்கும். பிள்ளை வழமைபோல் சலம் கழிப்பாள். இடையிலும் துளித்துளியாகக் கசியும். அவளால் அடக்க முடியாது. அதைவிட அரிதாக, சிறுநீரகத் திசுவின் ஒரு துண்டு மட்டும் கீழ்முதுகில் தங்கிவிடுவதும் உண்டு.

கவனிக்க வேண்டியவை:

• மலசலகூடம் போகப் பழகிய பின்பும் இரவு பகலாக ஓயாத ஈரம்
• அடிக்கடி காய்ச்சல், சலக்கடுப்பு
• வயிற்றிலோ கீழ்முதுகிலோ கட்டி. முதுகெலும்பின் அடியில் குழி

இவற்றில் ஒன்றைக் கண்டாலும் தோட்ட வைத்திய உதவியாளரிடமோ மருத்துவிச்சியிடமோ சொல்லுங்கள். டிக்கோயா, நுவரெலியா வைத்தியசாலைகளிலிருந்து பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்கோ, கொழும்பு சீமாட்டி றிஜ்வே வைத்தியசாலைக்கோ அனுப்புவார்கள். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். முதல் ஸ்கேனில் சிறிய சிறுநீரகம் தெரியாமல் போகலாம். ஈரம் நிற்காவிட்டால் மீண்டும் கேளுங்கள். வேறு ஸ்கேன்கள் உண்டு. பயனற்ற சிறுநீரகமானால் சத்திரசிகிச்சையில் அகற்றுவர். நன்றாக இயங்கும் மற்றச் சிறுநீரகம் ஒன்றே போதும். கசிவும் நின்றுவிடும்.

கிரகணத்தில் வெளியே போனதாலோ, கூடை சுமந்ததாலோ, செல்லுக்குப் பயந்து ஓடியதாலோ வந்ததல்ல இது. தாய்மீதும் குற்றமில்லை, மகள்மீதும் குற்றமில்லை. ஒரு நாள் பேர் போனாலும் பரவாயில்லை. கையை ஓங்குமுன் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.