கத்தரிக்கோலிற் பூத்த மலர்கள்

சீன தேசத்தின் வடபாலுள்ள சிற்றூர்களில் வீட்டுச் சாளரங்களுக்குக் கண்ணாடி இடுதல் பிற்காலத்து வழக்கம். அதற்கு முன்னர் மரச்சட்டங்களின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டியே குளிர்காற்றைத் தடுத்தனர். ஓராண்டுப் புழுதியும் புகையும் படிந்து மங்கிய அத்தாளைப் புத்தாண்டிற்கு முன் கிழித்தெறிந்து, புதுத்தாள் ஒட்டி, அதன்மேற் செந்நிறக் கடதாசியில் வெட்டிய மீனையும் சேவலையும் மலரையும் பதிப்பர். இவற்றிற்குச் ‘சாளரப் பூக்கள்’ என்று பெயர்.

மீன் எதற்கு என நேயர்கள் வினவலாம். சீன மொழியில் மீனைக் குறிக்கும் ‘யூ’ என்னும் சொல், மிகுதியைக் குறிக்கும் சொல்லோடு ஒலியால் ஒத்தது. வௌவாலின் பெயரிலோ நற்பேற்றைக் குறிக்கும் ‘ஃபூ’ ஒலிக்கிறது. நம்மவருள் எவரும் வௌவாலை வீட்டில் ஒட்டத் துணியார்!

இக்கலை மிகப் பழையது. துர்ஃபானுக்கு அண்மையிலுள்ள அஸ்தானாக் கல்லறைகளில், 6ஆம் நூற்றாண்டளவில் வெட்டப்பட்ட தாளுருவங்கள் வறண்ட மண்ணில் அழியாது கிடைத்துள்ளன. ஆயினும் இதனைப் பெரிதும் காத்து வந்தோர் ஏடறியா உழவர் குலப் பெண்களே. தாயின் அருகமர்ந்து, தாளை மடிக்கவும் வரையாமலே வெட்டவும் மகள் பழகினாள். அயலாரின் அழகிய உருவொன்றைப் படியெடுக்க அவர்கள் கண்ட வழி நுட்பமானது. புதுத்தாளின் மேல் அவ்வுருவை நீரால் ஒட்டி விளக்குப் புகையிற் காட்டுவர். தாள் கருக்கும்; உருவை எடுத்தால் அது மறைத்திருந்த இடம் வெண்மையாய்த் தோன்றும். அத்தடத்தின் வழியே கத்தரிக்கோல் செல்லும்.

ஷான்சி மாகாணத்துச் சுன்யீ வட்டாரத்தில் 1920இற் பிறந்த கு ஷுலான் அம்மையாரின் கதையை இங்குச் சொல்லாமல் விடுதல் முறையன்று. வறுமையும் கணவனின் கொடுமையும் மலிந்த வாழ்வு. பெற்ற மக்களுட் பலரைப் பறிகொடுத்தார். 1985இற் பள்ளத்தில் வீழ்ந்து நெடுநாள் நினைவிழந்து கிடந்தார். கண் விழித்ததும், தாமே தாட்பூக்களின் தேவி என்றார். அதன்பின் தம் குகைவீட்டுச் சுவர்களெங்கும் பன்னிறத் தாள்களாற் பெரும் உருவங்களை ஒட்டினார், பாடிக்கொண்டே வெட்டுவாராம். அத்தேவியின் முகத்தில் நாம் காண்பது அவருடைய முகத்தையே என எண்ணுகிறோம். 2004இல் மறைந்தார்.

யுனெஸ்கோ நிறுவனம் 2009இல் இக்கலையை மானுட மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. நல்லதே. ஆனால் சாளரப் பூ ஓராண்டிற் கிழித்தெறியப்படுவதற்கென்றே வெட்டப்படுவது. பேழையில் இட்டுப் பூட்டினால் மட்டும் போதாது, அடுத்த ஆண்டிற்கு வெட்ட ஒருத்தி வீட்டில் இருத்தல் வேண்டும். இளையோர் தொழில் தேடி நகரம் செல்ல, இயந்திரம் வெட்டிய பிளாஸ்டிக் பூக்கள் சந்தையில் மலிந்துவிட்டன. சில பள்ளிகள் இன்று சிறுவர் கையிற் கத்தரிக்கோலைக் கொடுக்கின்றன. செந்தாளை இருமுறை மடித்து அவர்கள் வெட்டிப் பழகும் வடிவங்களுள் ஒன்று, மணவீட்டுக் கதவில் ஒட்டும் ‘இரட்டை மகிழ்ச்சி’ எழுத்து.