75 பேர், 100 இலை

நெருங்கின சொந்தமும் சிநேகிதரும் போதும் என்று தீர்மானித்த வீட்டில் முதலில் ஆள் கணக்கு எழுத வேண்டும். மணமக்களின் பெற்றோர் 4 பேர். அவர்களுக்கு ஆளுக்கு 3 உடன்பிறந்தார் என்று வைத்தால் 12, ஜோடியாக 24. ஜோடிக்கு 2 பிள்ளைகள், அது ஒரு 24. மணமக்கள் 2, அவர்களுடைய அண்ணன் அண்ணி, அக்கா அத்தான் 4, தாத்தா பாட்டி 2. ஆக 60. சிநேகிதர் பக்கம் இன்னும் திரும்பவே இல்லை. அவர்களுக்கு 15 கொடுத்தால் 75.

இதையே 50க்குள் அடக்கப் பார்த்தால் தாய்மாமனை விட முடியாது, முடிச்சுப் போட நாத்தனார் வேண்டும். வெட்டு சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் மேல்தான் விழும். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது கல்யாணத்துக்கு 50 பேர் என்று மத்திய அரசே வரம்பு வைத்ததால் பழியை அரசாங்கத்தின் மேல் போட்டுத் தப்பிக்க முடிந்தது. இப்போது அந்த வசதியும் இல்லை.

அடுத்தது இலை. நாகஸ்வரம், தவில் கோஷ்டி 4, புரோகிதரும் உதவியாளரும் 2, போட்டோ வீடியோ 3, வேன் டிரைவர்கள் 3. இந்த 12 பேரும் சாப்பிட வேண்டும். ஆயிரம் பேர் கல்யாணத்தில் 12 என்பது 1.2 சதவீதம், யாரும் எண்ணுவதில்லை. 75இல் அது 16 சதவீதம். ஆக 87 இலை. ஆனால் சமையல் ஒப்பந்தக்காரர்களில் பலர் 100 இலைக்குக் கீழே பேசுவதில்லை. 13 இலைக்குச் சும்மா காசு.

மளிகை வாங்கிக் கொடுத்து ஆள் வைத்துச் சமைத்தால் அந்த 13 மிச்சம். பந்திச் சாப்பாட்டுக்குத் தலைக்கு 110 கிராம் அரிசி, 87 பேருக்குப் பத்து கிலோவுக்குள் முடிந்துவிடும். சாம்பாருக்கும் பருப்புக்குமாகத் துவரம்பருப்பு இரண்டேகால் கிலோ. தயிர் 9 லிட்டர். ஆளுக்கு ஒரு வடை, கேட்பவருக்கு இரண்டு என்றால் உளுந்து 2 கிலோ. காலையிலிருந்து மதியம் வரை ஆளுக்கு இரண்டு காபி என்று பால் 14 லிட்டர். உண்மையில் கை மீறுவது இந்தக் காபிதான். இரண்டு வேளைக்கு வாழை இலை 174, கிழிசலுக்குச் சேர்த்து 190. பெரிய கல்யாணத்தில் எத்தனை பேர் வருவார்கள் என்பது ஊகம், அதனால் அண்டா அண்டாவாக மிஞ்சும். 75 பேரையும் முந்தின நாளே போனில் கேட்டுவிடலாம்.

இனி ரூபாய். எல்லாம் உத்தேசம், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். தங்கம் கிராம் 10,000 என்று வைத்திருக்கிறேன்.

மாங்கல்யம் 4 கிராம், சேதாரம் 10 சதவீதம், ஜி.எஸ்.டி. 3 சதவீதம்: 45,320
கூறைப்புடவை, பட்டு வேட்டி: 25,000
மாலை, பூ, மணவறை: 20,000
புரோகிதர், ஹோம சாமான்: 15,000
மேளம்: 15,000
போட்டோ, வீடியோ: 30,000
சின்ன ஹால், ஒரு நாள்: 30,000
காலை 120, மதியம் 300, 100 இலைக்கு: 42,000
தாம்பூலப் பை, 40 குடும்பம்: 3,000
மொத்தம்: 2,25,320

தலையை எண்ணி ஏறும் செலவு கடைசி இரண்டு வரி மட்டும்: 45,000, ஐந்தில் ஒரு பங்கு. மேலே இருக்கும் 1,80,320 பத்துப் பேர் வந்தாலும் அப்படியேதான் நிற்கும். இதையே 750 பேருக்குச் செய்தால் மண்டபம் 1,50,000, இலை 762க்கு 3,20,040, தாம்பூலம் 30,000. மற்றவை மாறாமல் மொத்தம் 6,50,360. கூட்டம் பத்து மடங்கு, செலவு மூன்று மடங்குகூட இல்லை. தலைக்கு 867 ரூபாய். சின்னக் கல்யாணத்தில் 3,004. பட்டியலில் பெயர்களை அடித்துச் சிக்கனம் செய்பவர்கள் பார்க்கத் தவறும் இடம் இது. 100 இலை பேசிய பிறகு பத்துப் பேரை அடித்தால் மிச்சம் பூஜ்யம். அத்தை மகளை அழைத்துவிட்டு அவள் புருஷனை விடுவதும் ஆகாத காரியம். கல்யாணமான பிள்ளைகளின் ஜோடிகள் 10 பேரைச் சேர்த்தாலும் 97 இலைதான்.

குறைக்க வேண்டுமென்றால் மேல் வரிகளில்தான் கை வைக்க வேண்டும். அண்ணா முதல்வராக இருந்த 1967இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, தமிழ்நாட்டில் இந்துக்கள் உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் போட்டோ தாலி கட்டியோ மணந்துகொள்ளலாம், புரோகிதர் வேண்டியதில்லை. 15,000 அப்படியே மிச்சம். மாலையோடு முடித்தால் மாங்கல்யத்தின் 45,320உம் மிச்சம், பெண்ணின் அம்மா ஒப்புக்கொண்டால். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பும் 3 சாட்சிகளும் போதும்: மணமக்களோடு 5 பேர். எப்படி நடந்தாலும் தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும்.

வரவுப் பக்கத்தில் ஒரே தலைப்பு, மொய். 40 குடும்பம் ஆளுக்கு 1,000 எழுதினால் 40,000. இலைக்காசுகூட முழுதாக வராது. அது பெரிய நஷ்டமில்லை. இருபது வருஷமாக அப்பா ஊரெல்லாம் போய்ச் செய்த மொய் வீட்டு நோட்டில் நிலுவையாக நிற்கிறதே, அதுதான் சிக்கல். அழைக்காதவர் திருப்பி எழுத மாட்டார். அந்த நிலுவை அடுத்த காதுகுத்துக்கோ கிரகப்பிரவேசத்துக்கோ போகும். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் என்றால் ஆடியில் மொய் விருந்து வைத்து வாங்கலாம், கறிச்சோறு போடும் செலவைத் தனி நோட்டில் எழுதிக்கொண்டு.