லொதாருக்கு வாய் திறந்த ஆண்டு

மன்னார்க் கூத்தில் அரசன் கொலுவுக்கு வருமுன் கட்டியகாரன் வந்து வரவு கூறுவான். தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் அவன் இன்னும் துணிந்தவன், ராசாவையே சபை நடுவில் கேலி செய்வான். வாள் ராசாவிடம், வாய் கட்டியகாரனிடம். பெரியமடுவிலோ மன்னார்த் தீவிலோ சித்திரக்கதையைக் கையில் எடுக்கும் பிள்ளைக்கு இந்த மரபு பக்கத்திலேயே இருக்கிறது. அதை அளவுகோலாக வைத்தே சாகச நாயகர்களின் துணைவர்களை நிறுக்க வேண்டும் என்பேன். துணைவன் எத்தனை பேரை அடித்து வீழ்த்தினான் என்று எண்ணிப் பயனில்லை. நாயகனிடம் அவன் என்ன சொல்ல முடிந்தது என்று பார்க்க வேண்டும்.

தமிழ் வாசகருக்கு நன்கு தெரிந்த லொதாரையே எடுத்துக்கொள்வோம். 1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸ், மந்திரவாதி மாண்ட்ரேக்கைத் தமிழுக்குக் கொண்டுவந்தபோது கூடவே வந்தவன் அவன். லீ ஃபாக் எழுத, ஃபில் டேவிஸ் வரைய, 1934 யூனில் அமெரிக்க நாளிதழ்களில் மாண்ட்ரேக்கும் லொதாரும் ஒன்றாகவே பிறந்தார்கள். லொதார் ஆபிரிக்காவின் ஏழு நாடுகளுக்கு இளவரசன், உலகிலேயே பலசாலி. ஆனால் உடுப்பு சிறுத்தைத் தோல், தலையில் துருக்கித் தொப்பி, வாயில் கொச்சை ஆங்கிலம். 1935இல் அந்தப் படக்கதையை விநியோகித்த நிறுவனமே அவனை மாண்ட்ரேக்கின் கறுப்பு அடிமை என்று குறிப்பிட்டது. 1939இல் கொலம்பியா நிறுவனம் எடுத்த 12 பாகத் தொடர்படத்திலும் அவன் ஏவலாள்தான். 1965இல் ஃபிரெட் ஃபிரெடரிக்ஸ் தூரிகையை ஏற்றபின் லொதார் சாதாரண உடுப்புக்கு மாறினான், திருத்தமான ஆங்கிலம் பேசினான். கறுப்பினத்தவரின் வாக்குரிமையைக் காக்கும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியதும் அதே ஆண்டுதான். 1986இல் வந்த ‘டிஃபெண்டர்ஸ் ஒஃப் த ஏர்த்’ என்ற தொலைக்காட்சிக் கார்ட்டூனில் மாண்ட்ரேக், வேதாளன், ஃபிளாஷ் கோர்டன் ஆகியோரோடு அவனும் நால்வரில் ஒருவன். அதில் அவனுக்கு ஒரு மகனும் உண்டு. இந்த அரை நூற்றாண்டில் அவனுடைய பலம் கூடவில்லை. கூடியதெல்லாம் பேச்சும் குடும்பமுமே.

அந்தக் காலம் அப்படி, அன்றைய எழுத்தாளரைக் குறை சொல்லலாமா என்று கேட்பார்கள். கறுப்பின மனிதன் ஒருவனைக் குற்றவாளிகளை எதிர்க்கும் வீரனாக நாள்தோறும் அச்சில் காட்டியது அந்நாளில் பெரிய காரியம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதே காலத்தில் வேறு வழியும் தெரிந்திருந்தது. 1940இல் ராபினைப் படைத்தபோது, பேட்மேனுக்குப் பேச ஓர் ஆள் வேண்டும் என்பதே கதாசிரியர் பில் ஃபிங்கரின் தேவையாக இருந்தது. பேசவென்றே பிறந்த அந்தப் பையன் வளர்ந்து, 1984இல் பேட்மேனின் நிழலை விட்டு விலகி, நைட்விங் என்ற பெயரில் தனி நாயகனானான். லொதாரோ தனக்கு வரவேண்டிய முடியைத் துறந்து ஒரு மந்திரவாதியின் பின்னால் நடந்தவன். இளவரசப் பட்டம் அவனை உயர்த்தவில்லை, மாண்ட்ரேக்கின் மதிப்பையே உயர்த்தியது.

பழைய பாத்திரத்தை மாற்றுவது வரலாற்றைத் திரிப்பது என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. பழைய பக்கங்களை அழித்து எழுதினால் நானும் அதை எதிர்ப்பேன். லொதாருக்கு நடந்தது அதுவல்ல. 1999இல் இறக்கும்வரை மாண்ட்ரேக் கதைகளை எழுதியவர் ஃபாக்தான். மாற்றம் அவருடைய கையாலேயே நடந்தது. பழைய பக்கங்களும் அழியவில்லை. ஆண்டு தெரியாமல் வாசிக்கும் பிள்ளைதான் 1935இன் லொதாரையும் பிந்திய லொதாரையும் ஒரே ஆளாக எடுத்துக்கொள்ளும். ஆகவே, இக்கதைகளைத் தமிழில் மறுபதிப்புச் செய்வோரிடம் ஒன்று கேட்கிறேன்: மூலக்கதை வெளியான ஆண்டை முதற்பக்கத்தில் அச்சிடுங்கள். பெரியமடு போன்ற ஊர்களில் பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் வாங்கும் ஆசிரியர்கள், அந்த ஆண்டைக் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கதையைப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள்.